தாழ் இரண்டு

போன ஐப்பசியில் கட்டபெட்டு வளைவில்
ஜீப்பின் பின்கதவு தானாகத் திறந்துகொண்டது.
துணிப்பையில் இருந்த மடிக்கணினி
தார்ச்சாலையில் ஒருமுறை குதித்து
தேயிலைக்குள் போய் உட்கார்ந்தது.
மேலே ஒரு கீறல் இல்லை.
உள்ளேதான்,
பதினொரு மழைமானிகளின்
பத்தொன்பது நாள் மழை
பெய்யாததாகிவிட்டது.

பெய்ததற்கு என்ன சாட்சி என்றார்கள் அலுவலகத்தில்.
சரிந்து கிடந்த மண்ணைக் காட்டினேன்.
மில்லிமீட்டரில் வேண்டுமாம்.

அதனால்தான் இன்று குன்னூர் பெட்ஃபோர்டில்
கேமராவும் குடையும் சேர்த்து விற்கிற கடையில்
நிற்கிறேன். ஷெரீப் மூன்று பெட்டிகளை
மேசைமேல் வைக்கிறார்.

முதலாவது பளபளப்பு. தட்டினேன்,
முறுக்கு டப்பாவின் குரல்.
'இது விமானத்தில் போகிறவர்களுக்கு' என்று
அவரே எடுத்து உள்ளே வைத்துவிட்டார்.

இரண்டாவது அலுமினியம்.
வங்கிக்குப் பணம் கொண்டுபோகிற தோரணை.
'விழுந்தால் நசுங்கும், நசுங்கினால் மூடாது'
என்றான் பெள்ளிராஜ். ஜீப் ஓட்டுகிறவன்,
எது எப்படி நசுங்கும் என்று தெரிந்தவன்.
பின்கதவைப் பற்றி மட்டும் பேசமாட்டான்.

மூன்றாவது கறுப்பு.
தடித்த விளிம்பு, விளிம்பைச் சுற்றி ரப்பர்,
முன்னால் இரண்டு தாழ்.
'ஏறி நில்லுங்க மேடம்.'
செருப்பைக் கழற்றிவிட்டு ஏறினேன்.
அறுபத்தெட்டு கிலோ. முனகக்கூட இல்லை.
வாசலில் பள்ளிக்கூடப் பிள்ளைகள் இருவர்
சிலை திறப்பைப் பார்ப்பதுபோல் பார்த்தார்கள்.

'தண்ணீரில் போட்டாலும் ஒரு சொட்டு இறங்காது.'

அங்கேதான் எனக்குச் சந்தேகம்.
ஒரு சொட்டு இறங்காத பெட்டியிலிருந்து
ஒரு சொட்டு வெளியேயும் வராது.
இந்த ஊரில், திறந்து மூடுவதற்குள்
மேகம் உள்ளே ஏறிக்கொள்ளும்,
டிக்கெட் எடுக்காமல்.
நனைந்த கையோடு தொட்ட பஞ்சு
பகல் வெயிலில் மூச்சுவிடும்,
ராத்திரிக் குளிரில் அந்த மூச்சு
கீபோர்டின்மேல் வியர்க்கும்.
என் கல்யாணப் பட்டில் பூஞ்சை பிடித்தது
மழையில் நனைந்தல்ல.
நன்றாகச் சாத்திய பீரோ.
(அந்தக் கல்யாணம் வேறு கதை.)

ஷெரீப் ஈரம் உறிஞ்சும் பொட்டலம் நான்கு
இலவசமாகத் தந்தார்.
வறுத்த அரிசியே போதும் என்றான் பெள்ளிராஜ்,
உப்பு ஜாடிக்குப் போடுகிறோமே, அதுபோல.
இரண்டையும் போடுவது என்று முடிவாயிற்று.

'ஆரஞ்சில் இருக்கா?'
'கறுப்புதான் மேடம் கௌரவம்.'
'தேயிலைக்குள் விழுந்தால் தேடணுமே.'
அதற்குப் பிறகு அவர் கௌரவத்தைப் பற்றிப் பேசவில்லை.
முந்நூறு ரூபாய் கூட.

'ஆரஞ்சு என்றால் குரங்கு தூக்கிக்கொண்டு போகும்.'
'திறந்துவிடுமா?'
பெள்ளிராஜ் யோசித்தான்.
'தாழ் இரண்டு. கை இரண்டு.'

ராத்திரி, கோத்தகிரி குவார்ட்டர்ஸில்,
உள்ளே இருந்த பஞ்சைக்
கட்டை கட்டையாகப் பிய்த்தெடுத்தேன்.
அத்தனை விலை கொடுத்து வாங்கியது
நடுவில் இருக்கப்போகிற இந்தப் பள்ளத்தைத்தான்.
அவசரத்தில் ஓரமாக ஒரு கட்டை
அதிகம் வந்துவிட்டது.
திரும்பச் செருகினால் நிற்கவில்லை.
அரிசி முடிச்சுக்கு இடமாயிற்று.

இப்போது மழையைப்
பென்சிலிலும் எழுதிவைக்கிறேன்.
அந்த நோட்டு ஸ்வெட்டருக்குள் இருக்கிறது.
அதைப் பெட்டிக்குள் வைப்பதில்லை,
எல்லாம் ஒரே பெட்டியில் இருப்பது
என்ன என்று எனக்குத் தெரியும்.

காலையில் ஜீப்பிடம் போனால்
பின்கதவில் புதிதாக ஒரு தாழ்.
அதற்குமேல் நைலான் கயிறு, மூன்று சுற்று.
நான் கேட்கவில்லை. அவனும் சொல்லவில்லை.
கீழ்கோத்தகிரிச் சாலை தொடங்குகிற இடத்தில்
சிறுதூறல்.

பெட்டியும் மழைமானிக் குழாய்களுமாக
மூன்றரைக் கிலோ.
பின்னால் இடம் காலியாகத்தான் இருந்தது,
மடியில் வைத்துக்கொண்டேன்.