கணக்கில் இல்லாத ஹம்ப்

முந்தின ராத்திரியே பைக்கில் போய் எண்ணிவிட்டு வந்தேன்.
ஆஸ்பத்திரி வாசலிலிருந்து லிங்கராஜபுரம் வரை
இருபத்துமூன்று.
மேம்பாலத்தில் ஏறினால் நாலு குறையும்,
டோல் போனால் போகட்டும்.
வெள்ளைக்கோடு அழிந்துபோன இரண்டுக்கு
ஒரு பெட்டிக்கடையையும்
ஓடாமல் நிற்கும் ஒரு ஜேசிபியையும்
அடையாளம் வைத்துக்கொண்டேன்.

பதினோரு வருஷமாக இந்த ஊரில் வண்டி ஓட்டுகிறேன்.
கம்பெனிப் பெண்களை நடுநிசியில்
முப்பத்தெட்டே நிமிஷத்தில் வீடு சேர்த்தவன்.
அன்றைக்கு முள் இருபதைத் தாண்டவில்லை.
நாலு இண்டிகேட்டரும் விட்டுவிட்டு எரிய
இடதோரமாக
சவ ஊர்வலத்துக்குப் பின்னால் போகிறவன் போல –
சீ, என்ன பேச்சு இது.
மாப்பிள்ளை ஊர்வலம் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

பின்னால் ஒரு தண்ணி லாரி, விடாமல் ஹாரன்.
கண்ணாடியை இறக்கிக் கன்னடத்தில்
என் அம்மாவை இழுத்துவிட்டுப் போனான் ஒருவன்.
போன மாதம்வரை நானும்
அதையே சொல்லிக்கொண்டு போனவன்தான்.

பின்சீட்டில் ரெஜினா.
மடியில் தலையணை, தலையணைமேல் ஜெனிட்டா.
மூன்றரை வயது, பதினொன்றரை கிலோ.
சட்டைக்குள் கழுத்துக்குழிக்குக் கீழே தொடங்கி
ஒரு நேர்கோடு.
நெஞ்செலும்பை எஃகுக் கம்பியால் கட்டியிருக்கிறார்களாம்.
கம்பி என்றதும் எனக்கு
சென்ட்ரிங் வேலையில் அப்பா முறுக்கும் கட்டுக்கம்பிதான் தெரிந்தது.
துருப்பிடிக்காதா என்று டாக்டரிடம்
கேட்க வெட்கமாக இருந்தது, கேட்கவில்லை.

ஆறு வாரத்துக்கு அக்குளில் கைகொடுத்துத் தூக்கக் கூடாது.
பிடரிக்கு ஒரு கை, பிட்டத்துக்கு ஒரு கை.
ஒரு பொம்மையை வைத்து
மூன்று முறை செய்துகாட்டினாள் அந்த நர்ஸம்மா,
ஒவ்வொரு முறையும் 'நிதானா, நிதானா' என்று.
நான் தூக்கும்போது பொம்மையின் தலை தொங்கிவிட்டது.
மறுபடியும் செய்யச் சொன்னாள்.

ஆறு பேர் ரத்தம் கொடுத்தார்கள்,
எல்லாம் எங்கள் ஸ்டாண்டு ஆட்கள்.
யாருடையது இவளுக்கு ஏறியதென்று தெரியாது.
கோபம் வந்தால் இப்போது
இம்தியாஸ் மாதிரியே மூக்கை உறிஞ்சுகிறாள்
என்கிறாள் ரெஜினா.

பதினாறு, பதினேழு.
ஹென்னூர் பக்கம் திரும்பி பேக்கரியைத் தாண்டியதும்
கணக்கில் இல்லாத ஒன்று.
ராத்திரியோடு ராத்திரியாக யாரோ போட்ட சிமெண்ட் மேடு,
சாக்குகூட எடுக்கவில்லை.
பிரேக்கில் கால் வைப்பதற்குள்
முன்சக்கரம் ஏறிவிட்டது.
வண்டி ஒரு தூக்குத் தூக்கி
இறங்கியது.
கண்ணாடியில் பின்சீட்டைப் பார்க்க
எனக்குத் தைரியம் வரவில்லை.

'அப்பா.'

'ம்.'

'இன்னொரு தடவை.'

வீட்டில் தூக்கம் வரவில்லை அவளுக்கு.
பன்னிரண்டு நாள் மெஷின் சத்தத்தில் தூங்கிப் பழகியவள்,
என் பீப் எங்கே, என் பீப் எங்கே என்றாள்.
ரெஜினா வாயால் பீப் பீப் என்று செய்து பார்த்தாள்.
அது இல்லையாம்.
பிறகு அவளே சுவரைக் காட்டினாள்.
ஜன்னல் வழியே ஆரஞ்சு நிறத்தில்
வந்து, போய்,
வந்து, போய்க்கொண்டிருந்தது
கீழே நான் அணைக்க மறந்த இண்டிகேட்டர்.
சாவியை எடுத்தேன்.
'இருக்கட்டும் விடு' என்றாள் ரெஜினா.
சுவரைப் பார்த்தபடியே
பாதி வாய் திறந்து தூங்கிப்போனாள் பிள்ளை.
நாங்கள் இருவரும்தான்
ஒரு வெளிச்சம் போய் அடுத்தது வருவதற்குள்
ஒவ்வொரு முறையும் விழித்துக் கிடந்தோம்.

காலையில் பேட்டரி செத்திருந்தது.
எட்டரைக்கு எலக்ட்ரானிக் சிட்டி பிக்கப்.
மஞ்சுநாத் தன் வண்டியைக் கொண்டுவந்து
மூக்கோடு மூக்காக நிறுத்தினான்,
பானெட்டைத் திறந்தான்.
சிவப்பு ஒன்று, கறுப்பு ஒன்று,
வாய்பிளந்த இரண்டு கிளிப்புகளோடு குனியும்போது
மாடியிலிருந்து ஒரு குரல்.
பிடரிக்கு ஒரு கை, பிட்டத்துக்கு ஒரு கை,
ரெஜினா ஏந்திக்கொண்டு நிற்க
ஜெனிட்டா அவனை அதட்டினாள்,
நர்ஸம்மாவின் அதே கன்னடத்தில்:

'நிதானா மாமா, நிதானா!
நோவாகுத்தெ.'