ஒன்றரை அடி

தேர்தலுக்கு முந்தின மாதம்
கந்தோர் வாசலில் இரண்டு லோட் மணல் பறித்தார்கள்.
எனக்காகத்தானாம்.
எனக்கும், என்னைப் போலச் சில்லில் வருகிற
ஆறேழு பேருக்குமாம்.
பேத்தாழையிலிருந்து கைவண்டியைச் சுற்றிச் சுற்றி
வாழைச்சேனைச் சந்திக்குச் சீட்டு விற்கப் போகையில்
நின்று பார்ப்பேன்.

கட்டினவர் ஜவுபர்.
ஓட்டமாவடி மேசன். காது கேளாது, பேச்சும் இல்லை.
என் வண்டியைச் சாண் போட்டு அளந்தார்.
முன்சில்லைத் தூக்கிப் பார்த்தார்.
ஓரடி உயரத்துக்குப் பன்னிரண்டடி நீளம் என்று
மணலில் கீறிக் காட்டினார்.
அதுவரைக்கும் என்னிடம்
ஒருவரும் அளவு கேட்டதில்லை.

பிறகு ஆட்சி மாறியது.
விடியவிடிய வெடி. சந்தியில் பாற்சோறு.
எனக்கும் ஒரு துண்டு தந்தார்கள், தின்றேன்,
நல்லாத்தான் இருந்தது.
அன்றைக்குச் சீட்டும் முடிந்துவிட்டது.
எதையோ நம்புகிற நாளில்
சனம் சீட்டு வாங்கும்.

கொந்தராத்துக்காரரின் போன் அடுத்த நாள் செத்தது.
விறாந்தைக்கு ஒன்றரை அடி கிடக்கையில்
சாய்தளம் நின்றுவிட்டது.
ஆடுகள் ஏறி நுனியில் நின்று
கந்தோரைப் பார்க்கும்.
பெயர்க்கல் முன்கூட்டியே வந்திருந்தது.
இரவில் யாரோ பேரைக் கொத்திவிட்டுப் போக
‘அவர்களால் திறந்து வைக்கப்பட்டது’
என்பது மட்டும் மிச்சம்.

என் கோப்பிலும் முதலில் அங்கவீனர் என்று ஒட்டியிருந்தது.
அதன்மேல் வலது குறைந்தோர்.
அதன்மேல் மாற்றுத்திறனாளி.
இப்போது பச்சை மையில் விசேட தேவையுடையவர்.
பசை காய்ந்து காய்ந்து அட்டை தடித்துவிட்டது.
உள்ளே அதே நான்,
மூன்று வயதோடு வளராமல் நின்ற
அதே இரண்டு கால்.

தங்கவடிவேல் கிளாக்கர் இருந்தவரை
படியிறங்கி வந்து
என் மடியில் வைத்தே எழுதுவார்.
அவரை மகாஓயாவுக்கு மாற்றிவிட்டார்கள்.
எந்த அமைச்சு யாருக்கு என்று பேப்பரில் பார்த்தேன்,
இது அதில் இல்லை.

மூன்று மாதமாய்க் காசு வரவில்லை.
புதிசாய்ப் பதியவேணுமாம், ஆள் நேரில் வரவேணுமாம்.
“நேரிலதானே தம்பி நிக்கிறன்,”
கீழிருந்து கத்தினேன்.
“உள்ளுக்கு வரவேணும் அக்கா.”

ஜவுபருக்கும் நாலு நாள் கூலி பாக்கி.
கேட்க வந்தவரின் கைகளை வாசிக்க
அங்கே ஒருவருக்கும் தெரியவில்லை.
‘விசாரணை முடியட்டும்’ என்று
துண்டில் எழிதிக் குடுத்தார்களாம்.
எழுத்துத் தெரியாதவர்
அதை என்னிடம் கொண்டுவந்தார்.
வாசித்தேன். எப்படிச் சொல்ல?
இரண்டு கையையும் விரித்தேன்.
உடனே விளங்கிவிட்டது.

எழும்பிப் போனார். வீட்டுக்கு என்று நினைத்தேன்.
பள்ளிக்கூட வளவில் கழற்றிக் குவித்திருந்த
கூட்ட மேடைப் பலகை ஒன்றோடு திரும்பி வந்தார்.
எந்தக் கட்சி மேடையோ தெரியாது.
எல்லாருக்கும் ஒரே ஆள்தான் வாடகைக்குக் குடுக்கிறது.
ஆட்டை விரட்டி,
நுனிக்கும் விறாந்தைக்கும் பலகையைப் போட்டு,
பின்னால் வந்து வண்டியைப் பிடித்தார்.

பலகை முனகியது.
வளைந்தது.
நான் கையைச் சுற்றினேன்.

மேசைத் தம்பி எழும்பியே விட்டான்.
புதுப் படிவம். முதலாவது கேள்வி:
நிரந்தரமா, தற்காலிகமா?
எதைக் கேட்கிறாய் என்று வாயெடுத்தேன்.
வாசலில் ஜவுபர்
பலகை வழுக்காமல் காலால் மிதித்தபடி நிற்கிறார்,
நான் இறங்கும்வரை நிற்பார்.
அவருக்கு இன்று வேலை வேறு இருக்கிறது.

கெதியாய் எழுதுகிறேன்.