நுவரெலியாக் கையுறை

வயிற்றை இழுத்து நெஞ்சுக்குள் தைத்திருக்கிறார்கள்.
இப்போதெல்லாம் சோறு
இதயத்துக்குப் பக்கத்து வீட்டில் இறங்குகிறது.
நாலு கரண்டி. மிஞ்சினால் படபடப்பு.

"வெட்டி எடுத்தாச்சுதானே, பிறகேன் மருந்து?"
மைத்துனன் கேட்டான்.
கண்ணில் படாததுக்கு என்றார் டொக்டர்.

மகரகமவில் மூன்றாம் சுற்று.
பக்கத்துக் கதிரையில் விமலசேன
ஸ்கோர் கேட்கிறார்.
என் சிங்களம் எண்களுக்குப் போதும்:
எனக்கு இன்னும் ஒன்று,
அவருக்கு ஐந்து.

இரவு, வெள்ளவத்தை.
மூன்று தலையணையில் சாய்ந்து இருக்கிறேன்,
படுத்தால் புளிப்பு ஏறி வரும்.
கடற்கரை ரயில் போய்விட்டது.
மின்விசிறி முழு வேகத்தில்; வேர்வை அடங்கவில்லை.
ஆனாலும் ஒரு மிடறு குளிர்தண்ணீர்
தொண்டையில் கண்ணாடித்தூள்.
ஃபிரிட்ஜைத் தொட்டால் விரலெல்லாம் கரண்ட்.

அதன் கைபிடியில்
நுவரெலியாவுக்கென்று வாங்கி
போடாமலே திரும்பிய கம்பளிக் கையுறையைத்
தொங்கவிட்டிருக்கிறாள் புனிதமலர்.
மருந்து தொடங்கிய நாளிலிருந்து
அவளும் சுடுதண்ணீர்தான்.

இன்றைக்கு எழும்பிப் போய்
கையுறையைப் போட்டு
ஒரு நெக்டோ எடுத்து நீட்டினேன்.
போத்தல் வேர்க்க வேர்க்க,
எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு குடித்தாள்.

இஞ்சால திரும்பு என்றேன்.
எனக்குப் பார்க்க வேணும்.