சுழியத்திலிருந்து பல

கஸ்தூரியார் வீதி, நகைக்கடைக்கு மேல்மாடி.
யன்னலைத் திறந்தால் வெல்டிங் புகை, மூடினால் புழுக்கம்.
இங்கே இருந்து ஒரு நூலகம் செய்கிறேன்.
கல் இல்லை, சீமெந்து இல்லை,
நிரலைக்கூட என் கையால் எழுதுவதில்லை.
பெட்டிகள் வரைகிறேன். பெட்டிக்குப் பெட்டி கோடு.

ஆக்கம் ஒரு பெட்டி. பிரதி இன்னொன்று.
வாசகர் தனிப்பெட்டி. இரவல் என்பது
வாசகருக்கும் பிரதிக்கும் நடுவே
திகதி போட்ட ஒரு கோடு.
வரைந்து முடித்துப் பொத்தானை அமுக்கினால்
பிறப்பாக்கி மிச்சத்தைத் தானே எழுதும்:
தேடும் பக்கம், அட்டவணை, தண்டக் கணக்கு,
கடவுச்சொல் மறந்தவருக்குச் சொல்லும் ஆறுதல் வரைக்கும்.
தேத்தண்ணி ஆறுவதற்குள்
பதினேழாயிரம் வரி.

கோட்டின் நுனியில் எண் போடவேண்டும்.
ஓர் ஆக்கத்துக்குப் பிரதி எத்தனை?
ஒன்றிலிருந்து பல என்று போட்டேன்.
கற்ற இடத்தில் அப்படித்தான்.
வேறு ஊர்களிலும் அப்படித்தான்.

செவ்வாய்க்கிழமை சுகிர்தமலர் வந்தா,
கொக்குவிலில் இருந்து, ஒரு பிஸ்கற் ரின்னோடு.
உள்ளே, மூடிப்போன புத்தகக்கடையின் விற்பனைச் சிட்டைகள்,
காபன் தாளின் ஊதா இன்னும் விரலில் ஒட்டும்.
இருநூற்றுப் பன்னிரண்டு தலைப்பு.
வாங்கியவர்: வாசிகசாலை.
விலை உண்டு, கழிவு உண்டு, கையொப்பம் உண்டு.
புத்தகம் ஒன்றும் இல்லை.

"ஏத்துங்கோ" என்றா.
ஏற்றினேன். சிவப்பு எழுத்தில் வந்தது:
பிரதி இல்லாத ஆக்கம் செல்லாது.
"அப்ப, தொலைஞ்ச பிரதி எண்டு போடுங்கோ."
போட்டேன். பதிவெண் கேட்டது.
பதிவேடும் புத்தகங்களோடுதான் போனது.
கொஞ்ச நேரம் சிட்டையின் ஓரத்தை நீவிக்கொண்டிருந்தா.
"தொலைஞ்சது எண்டும் போடேலாது" என்றா பிறகு.
"அது தன்வினை."

கரண்ட் நின்றது.
கீழே நகைக்கடைப் பெடியன் ஜெனரேற்றரின் கயிற்றை இழுத்தான்,
மூன்று தரம் இருமியது,
நாலாவதில் பிடித்தது.

நான் அந்த ஒன்றை அழித்தேன்.
அந்த இடத்தில் சுழியம்.
வேறெதையும் தொடவில்லை.
பொத்தான்.

நூலகம் அடியிலிருந்து திரும்பப் பிறந்தது.
இருநூற்றுப் பன்னிரண்டும் அகரவரிசையில்
மற்றவைக்கு நடுவே போய் நின்றன,
தட்டில் இடம் கேளாமல்.
பெண்களுக்கான சைக்கிள் திருத்தக் கைநூல்.
தீவுப்பகுதிக் கிணறுகள், இரண்டாம் பாகம்
(முதலாம் பாகம் எங்களிடம் உண்டு,
கறையான் தின்றது போக).
பிரதிகள்: 0 என்று ஒவ்வொன்றின் கீழும்.
சுகிர்தமலர் எல்லாவற்றையும் உருட்டிப் பார்த்தா,
ஓர் எழுத்துப்பிழை கண்டா, திருத்தினா,
பஸ் போய்விடும் என்று எழும்பினா.

மூன்றாம் நாள் இரவு
ஒட்டுமடத்து நிஸ்தார் என்றொரு வாசகர்
கிணறுகள், இரண்டாம் பாகத்தில்
முன்பதிவை அமுக்கியிருந்தார்.
அமுக்கிய கையோடு பதிலும் போயிருந்தது:
தங்கள் கோரிக்கை ஏற்கப்பட்டது.
வரிசையில் உங்கள் இடம்: 1.
பிரதி திரும்பியதும் அறியத்தருவோம்.

அந்தக் கடைசி வசனத்தை நான் எழுதவில்லை.
சுகிர்தமலரும் எழுதவில்லை.
கோடுகளில் இருந்து பிறந்தது.

திருத்தவேண்டியதுதான்.
பிரதி சுழியமானால் முன்பதிவை மறை:
ஒரு நிபந்தனை, அரை வரி.
பிழைப் பட்டியலில் நாற்பத்தோராவதாக இருக்கிறது.
வெள்ளிக்கிழமை பார்ப்பம் என்று போன மாதமும் சொன்னேன்.
இன்று காலை வரிசையில் ஒன்பது பேர்.

நிஸ்தார் ஒருமுறை தொலைபேசியில் வந்தார்.
புத்தகம் எப்போது வரும் என்று கேட்கவில்லை.
"இவ்வளவு பிந்தினா, தங்கச்சி,
தண்டம் ஆருக்கு?"

பாத்துச் சொல்லுறன் என்று வைத்துவிட்டு
தண்டப் பெட்டியைத் திறந்து பார்த்தேன்.
அதிலிருந்து ஒரேயொரு கோடு.
அது வாசகரிடம்தான் போகிறது.