கல்லா, சேறா

சட்டையைக் கழற்றிக் கொளுக்கியில் மாட்டச் சொன்னேன்.
இஸ்ஸதீன், ஐம்பத்தெட்டு, கிண்ணியா.
கொட்பேயிலிருந்து போகும் பலநாள் படகின் தண்டையல்.
நெஞ்சு இறுகியது நடுக்கடலில்.
கரைக்குப் பதினொரு மணித்தியாலம்.
அதுவரை பனடோலும் பிளேன்ரீயும்.

அன்றைய தாள் கோப்பில் இருக்கிறது.
சிவப்புக் கட்டங்களின் மேல் நாலு வரிகள்
தோளை உயர்த்தியபடி நிற்கின்றன,
இறக்க மறந்த தோள்கள்.
சூட்டில் எழுதும் தாள் சூட்டிலேயே மங்கும்,
அதனால் போட்டோகொப்பி எடுத்து வைத்திருக்கிறேன்.
இன்றைய தாளில் தோள்கள் தாழ்ந்துவிட்டன.
அவை நின்ற இடத்தில்
ஒவ்வொரு துடிப்புக்கும் கீழ்நோக்கி ஒரு வெட்டு.
மின்சாரம் இனி அந்தப் பக்கம் போவதில்லை என்று பொருள்.
அல்லது போய்,
கதவைத் தட்டிவிட்டுத் திரும்புகிறது என்று.
தாள் அவ்வளவுதான் சொல்லும்.

இடப்பக்கம் சரித்துப் படுக்கவைத்து ஜெல் பூசினேன்.
“ஐஸ் பெட்டி” என்று சிரித்தார்.
விளக்கை அணைத்தேன்.
“இதென்ன புள்ள, எங்கட போட்டில இரிக்கிற மெசின்தானே?”
ஓம்.
சத்தத்தை அனுப்பிவிட்டு
அது திரும்பும்வரை காத்திருக்கிற மெசின்தான்.

வால்வின் இரண்டு இதழ்களும் ஒழுங்காய்க் கைதட்டின.
பின்சுவர் தடித்து மெலிந்தது, தடித்து மெலிந்தது.
முன்சுவர்
பக்கத்துச் சுவர்கள் இழுத்த இழுப்புக்கு இழுபட்டதே தவிர
தானாய் ஒன்றும் செய்யவில்லை.
நுனியில், ஒல்லியாய், பளிச்சென்று ஒரு கோடு.

“அந்தா, கல்லு!”
கழுத்தைத் திருப்பித் திரையைப் பார்த்துவிட்டார்.
“வெளிச்சமாத் தெரிஞ்சாக் கல்லு, மங்கலெண்டாச் சேறு.
கல்லிலதான் மீன் நிக்கும்.
நல்ல இடம் புள்ள.”

இங்கே வெளிச்சம் என்றால் தழும்பு.
இருபத்தொரு வருடமாய் இந்த அறையில் எனக்கு ஒரே வசனம்:
“டொக்டர் சொல்லுவா.”
அதைச் சொன்னேன்.

டொக்டர் சுபாங்கனா வந்து மருந்துப் பம்பைத் திறந்தா.
ஐந்து. ஒன்றுமில்லை.
பத்து.
யன்னலுக்கு வெளியே மான் ஒன்று
குப்பைத் தொட்டியிலிருந்து யாருடையதோ இதயத் தாளை இழுத்து
நிதானமாய் மென்றுகொண்டிருந்தது.
பத்திலேயே வைத்திருந்தோம்.
அப்போது, நடுவில், பளிச்சிடாத இடத்தில்,
அவர் கணக்கில் சேற்றில்,
சுவர் ஒரு தரம் தடித்தது.
நான் நம்பவில்லை.
படத்தை நிறுத்தி, பின்னோக்கி ஓட்டி, மறுபடி பார்த்தேன்.
தடித்ததுதான்.
சாகவில்லை, செலவைக் குறைத்திருக்கிறது.
மண்ணெண்ணெய் கிடைக்காத காலத்தில்
குப்பிவிளக்கின் திரியை நாங்கள் கீழே இறக்கி வைத்த மாதிரி
பொட்டளவு மட்டும் எரிந்துகொண்டு.

நுனி அப்படியே இருந்தது. வெளிச்சமாய்.

முப்பத்திநாலு வீதம் என்று பதிந்தேன்.
டொக்டர் கண்டிக்குக் கடிதம் எழுதிவிட்டு
வார்ட்டுக்கு ஓடினா.

அவர் ஜெல்லைத் துடைத்தார்,
கிறீஸ் துடைக்கிறவர்களைப் போல, விரலிடுக்கு வரை.
“நல்ல இடம் கண்டா நாங்க நம்பர் எழுதி வெப்பம்,
திரும்பத் தேடிப் போக.
எழுதித் தாங்களன்.”

இதயத்தைப் பதினேழாய்ப் பிரித்து
நாங்களும் நம்பர்தான் வைத்திருக்கிறோம்.
அவர் கண்ட கல் பதினேழு.
பிழைத்துப்போன ஒரு தாளின் பின்புறத்தில்
7, 8 என்று எழுதி
மடித்துக் கொடுத்தேன்.

பிரித்துப் பார்த்தார்.
“ஆழம் போடல்லியே?”

“ஆறு சென்ரிமீட்டர்” என்றேன்.
அது மட்டும்
நான் சொல்லலாம்.