லாரிகளுக்கு இடையில் கடல்

தெற்கே போகிறவர்களுக்குச் சவுக்குத்தோப்பு உண்டு,
இளநீர் உண்டு, நின்று படமெடுக்க வளைவுகள் உண்டு.
நான் வடக்கே போகிறேன்.

காசிமேடு, காலை நாலரை.
ஐஸ் கம்பெனியில் ராக்கணக்கை மூடிவிட்டு
டயரைக் கட்டைவிரலால் அமுக்கிப் பார்க்கிறேன்.
கூடையைத் தூக்கியபடி தேசிங்கு கேட்டான்,
"எங்கக்கா, இந்நேரத்துல?"
"பழவேற்காடு."
"பஸ்ஸு இருக்குதே."
இருக்கிறது.

எண்ணூர் விரைவுச் சாலை.
வலப்பக்கம் கன்டெய்னர் லாரிகள்,
துறைமுகத்தைப் பார்த்து
நேற்றிலிருந்து நின்ற இடத்தில் நிற்கின்றன.
ஒன்றுக்கும் அடுத்ததற்கும் நடுவே
ஒரு முழம் கடல்.
பூக்காரியிடம் வாங்குவது போல
முழம் முழமாக வாங்கிக்கொண்டு மிதிக்கிறேன்.
சிவப்புப் பெட்டி, கடல்.
நீலப் பெட்டி, கடல்.
சக்கரத்தருகே ஸ்டவ் பற்றவைத்து
டீ போடும் டிரைவர், அவர் தோளுக்கு மேல்
கொஞ்சம் விடிந்த கடல்.
அலை தடுக்கக் கொட்டிய பாறையில்
யாரோ போர்வை காயப்போட்டிருக்கிறார்கள்.

ஞாயிற்றுக்கிழமைக் குழுவில் ஹரிகோவிந்த் சொல்வார்,
"அந்த கேரியரைக் கழற்றிடுங்க மேடம்,
ஒரு கிலோ குறையும்."
சரி சரி என்பேன்.
கழற்றவில்லை.

திருவொற்றியூர் தாண்டினால்
பெயர்ப்பலகை வேண்டாம், மூக்கு போதும்.
கருவாடு. தார். அப்புறம் அந்த நெடி.
நெடி வந்த மார்கழி இரவில்
ஈரத்துண்டை முகத்தில் கட்டி
ஜோவிதாவைப் பின்னால் உட்காரவைத்து
இதே சாலையில் தெற்கே மிதித்தேன்.
பதினோரு கிலோமீட்டர்.
அதுவரை மார்க்கெட்டைத் தாண்டி
சைக்கிளில் போனதில்லை நான்.
என் கால்களுக்கு இவ்வளவு தெரியும் என்று
அன்றைக்குத்தான் தெரிந்தது.
"ம்மா, மெதுவா" என்றாள், ஒரே ஒரு முறை.
மெதுவாகப் போகவில்லை.

இன்று மெதுவாகப் போகிறேன்.
அந்த வளைவில் இறங்கி
பிஸ்கட் ஒன்று தின்றுவிட்டு ஏறினேன்.

முகத்துவாரத்தில் பாலத்துக்குப் போகாமல்
மணலில் சைக்கிளை உருட்டினேன்.
படகுக்காரர் எல்லப்பன் என்னைப் பார்த்தார்,
அதைப் பார்த்தார்.
"ஆளுக்கு இருபது. சைக்கிளுக்கு..."
கொஞ்சம் யோசித்து,
"அதுவும் ஒரு ஆள்தான்."

அனல்மின் நிலையத்துப் புகைபோக்கிகள்
தண்ணீரில் நெளிகின்றன.
மார்பளவுச் சாம்பல் தண்ணீரில்
இறால் தடவும் பெண்கள்,
பறியைப் பல்லால் கடித்தபடி,
இரண்டு கையும் சேற்றுக்குள்.
ஒருத்தி என் ஹெல்மெட்டைப் பார்த்துச் சிரித்தாள்.
வாய் திறக்காமல்
கண்ணால் சிரிக்க வேண்டியிருந்தது அவளுக்கு.

கைபேசி பேசியது:
நீங்கள் பாதையை விட்டு விலகிவிட்டீர்கள்.
நீலக் கோடு பாலத்தின் மேல் கிடக்கிறது.
என் புள்ளி தண்ணீருக்குள்.
வேகம் மணிக்கு நாலு கிலோமீட்டர்,
பெடல் சும்மா இருக்க,
பின்சக்கரம் மட்டும் காற்றில்
டிக் டிக்கென்று திரும்பிக்கொண்டிருந்தது.

கேரியரில் கை வைத்துப் பிடித்துக்கொண்டேன்.
பழவேற்காட்டுக்கு இன்னும் ரொம்ப தூரம்.