அரை நொடி

கேட் மோட்டார் பழுது பார்ப்பது என் பிழைப்பு.
செத்துக்கொண்டிருக்கும் ஒவ்வொரு மோட்டாரும்
வேறு வேறு சுருதியில் முனகும்.
சில்வர்க்ளென் பல் டாக்டர் வீட்டு கேட்டுக்கு
ஏறக்குறைய காந்தாரம், கொஞ்சம் துருவோடு.
போனில் பிடித்துக்கொண்டு வருவேன்,
வாடிக்கையாளருக்குத் தெரியாமல்.
பில்லில் சேர்ப்பதில்லை.

இரவில், வெஸ்ட்கிளிஃப் ஃபிளாட்டின் மூன்றாம் மாடியில்,
ஒரு விசை பெயர்ந்துபோன லேப்டாப்பில்
அந்த முனகலை அரிவேன்.
வெங்காயம் அரிவதுபோல் என்று சொல்லலாம்,
வெங்காயம் இத்தனை பொடியாகாது.
ஒரு நொடியை நாற்பத்து நாலாயிரத்து நூறாக
எனக்கு முன்பே நறுக்கி வைத்திருக்கிறது கணினி.
எதன் பக்கத்தில் எதை வைப்பது,
அது மட்டும்தான் என் பாடு.

பின்னோக்கி ஓட்டினால் கேட் மூச்சை உள்ளிழுக்கிறது.
எட்டு மடங்கு மெதுவாக்கினால்
டர்பன் துறைமுகத்துக்கு வெளியே
இடத்துக்குக் காத்திருக்கும் கப்பல்.
நாற்பது மடங்கில் அது எதுவுமில்லை.
எனக்கு அந்த எதுவுமில்லைதான் பிடித்திருந்தது.

கீழ்வீட்டு சலோஷினி படியேறி வந்தாள்.
"வாஷிங் மெஷினுக்கு ஆள் சொல்லட்டுமா?"
"பாட்டு" என்றேன்.
காதைச் சாய்த்து நின்றாள், நியாயமாகவே.
"எங்கே?" என்றாள்.

அந்த 'எங்கே'க்காக ஒரு வாரம் தூங்கவில்லை.
அறுபத்து மூன்று கேட்டுகளை
ஒரே சமயத்தில் திறக்கவிட்டேன்.
கணினி உறைந்தது.
கடைசியாய் விழுங்கிய அரை நொடி
தொண்டையில் சிக்கி
டிக்-க்ரா டிக்-க்ரா டிக்-க்ரா
எந்த விசைக்கும் அடங்கவில்லை.
சேமிக்காத ஏழு நாள் வேலை போனது தெரிந்தும்
அணைக்கக் கை வரவில்லை.
நான் போட்ட ஒழுங்கில் எங்குமே இல்லாத ஒரு நடை
அந்தத் தடுமாற்றத்தில் இருந்தது.
போனில் பிடித்தேன்.
பத்து மணி மின்வெட்டு வந்து
எங்கள் இருவரையும் அணைத்தது.

அதற்குப் பிறகு அந்த அரை நொடியை மட்டும்
ஜன்னலைத் திறந்துவைத்து
விடியலில் ஓட்டிக்கொண்டிருந்தேன்,
இருபது நாளோ, இருபத்தைந்தோ.
கம்பியில் மைனாக்கள் வரும், போகும்.
எங்களைப்போல் கப்பலேறி வந்த இனம்.
எங்களைப்போலவே
கேட்டதையெல்லாம் உச்சரிப்பு மாற்றிச் சொல்லும்.
நான் அவற்றைக் கவனிக்கவில்லை.

ஞாயிறு காலை, ஸ்பீக்கரை
இன்னும் நான் தொடவே இல்லை,
படியில் சலோஷினியின் குரல்:
"உங்க மெஷின்
என் சமையலறை ஜன்னல்ல வந்து உட்கார்ந்திருக்கு.
டிக்-க்ராவுக்கு அப்புறம்
புதுசா ஏதோ சேர்க்குது."

ஒற்றைச் செருப்போடு
இறங்கி ஓடினேன், போனை மறக்காமல்.